அம்மா நாற்று முடிகளைத் தாண்டிய காலை

எங்கம்மாவின் தொடைச் சதையைக் கரைத்தது நடுக்குவாதம் மட்டும் இல்லை. "படுத்தே இருக்கட்டும், ஒரு வேலையும் வேண்டாம், கஞ்சி கொடுங்க" என்று சொன்ன டாக்டர்தான் பாதிக்கு மேல் கரைத்தார்.

நன்னிலம் பக்கத்தில் எங்கள் கிராமம். இருபது வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி, சம்பா நடவு நேரம். அப்பா போன பிறகு மடத்து நிலம் ஒரு ஏக்கர் அம்மா பெயரில் குத்தகையாக இருந்தது. அண்ணன் துபாயில். நான் கட்டிக்கொடுத்த பெண். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்தேன்.

குத்தகைக்காரரோ அவர் குடும்பமோ வயலில் இறங்கிப் பாடுபட வேண்டும். பாடுபட்டால் யாரும் வெளியேற்ற முடியாது. ஆட்சிக்கு ஆட்சி இதைச் சுவரில் எழுதித்தான் ஓட்டுக் கேட்டார்கள். மடத்துக் காரியஸ்தர் மட்டும் மாறவே மாட்டார். அவர் வேட்டிக் கரைதான் மாறும். அவர் மனுப் போட்டுவிட்டார். கிழவி படுத்த படுக்கை, மகன் வெளிநாடு, மகள் வேறு குடும்பத்துக்காரி, நிலத்தை மடத்துக்கே திருப்பிக் கொடுங்கள் என்று. நடவு அன்று நேரில் வந்து பார்க்கிறேன் என்றார் தாசில்தார்.

அம்மா பிறவியிலேயே படுத்த படுக்கையா? டவுனில் பெரிய போர்டு வைத்திருந்த அந்த டாக்டரிடம் போகும்போது கை நடுங்கியது, நடை குறுகியிருந்தது. ஆனால் தன் குடத்தைத் தானே தூக்கினாள். விழுந்துவிடுவாங்க, படுக்க வையுங்க என்றார். எங்கள் பக்கம் நோயாளி என்றாலே பத்தியம். முட்டை, மீன், உளுந்து எல்லாம் நின்றுவிடும். அதற்கும் அவர் தலையாட்டினார். அடுத்த அறுவடைக்குள் அம்மாவுக்குச் சேலை இடுப்பில் நிற்கவில்லை. குளிப்பாட்டும்போது தொடையைப் பிடித்தால் எலும்புதான் கைக்கு வரும்.

மதியம் தூங்கும்போது அவள் கைகள் எழும்பும். இடது கை நாற்றைப் பிடித்திருக்கும், வலது கை பிரித்துப் பிரித்து ஊன்றும். கண் மூடியிருக்கும், உதட்டில் சிரிப்பு இருக்கும். அந்தத் தூக்கத்தில் மட்டும் கையில் நடுக்கமே இருக்காது. எந்த வயலில் நடுகிறாளோ என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

நடவு அன்று காலை ஆட்டோவில் ரோடு வரைக்கும் கொண்டுபோனேன். பனி இறங்கியிருந்தது. வயலில் தேங்கிய தண்ணீரும் வானமும் ஒரே நிறம். குனிந்திருந்த பெண்கள் மேகத்துக்குள் நடுவது போலத் தெரிந்தார்கள். வரப்பில் கால் வைத்ததும் அம்மா நின்றுவிட்டாள். பாதம் மண்ணில் ஒட்டிக்கொண்டது. தள்ளினால் உடம்பு சாய்கிறது, கால் வரவில்லை. தூரத்தில் காரியஸ்தரும் தாசில்தாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அம்மா குனிந்து பார்த்தாள். தலைச்சுமையிலிருந்து நழுவிய ஒரு நாற்று முடி, ஒரு கைப்பிடி நாற்றுக் கட்டு, வரப்பின் குறுக்கே கிடந்தது. நாற்றை மிதிக்கிற குடும்பமா நாங்கள்? காலைத் தூக்கி அதைத் தாண்டினாள். அடுத்து இன்னொன்று கிடந்தது, அதையும் தாண்டினாள். முடி இல்லாத இடம் வந்ததும் மறுபடி நின்றுவிட்டாள். குறுக்கே ஏதாவது கிடந்தால்தான் கால் எழும்புகிறது என்று எனக்குப் புரிந்தது. கையில் அகப்பட்ட முடிகளை எடுத்து அவளுக்கு முன்னால் குறுக்கே போட்டுக்கொண்டே, அவளைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்தேன். வயலில் இருந்த பெண்களும் புரிந்துகொண்டு வீசினார்கள். பச்சை பச்சையாக விழ விழ, அம்மா வாய்க்கால் தாண்டுகிற சின்னப் பெண் மாதிரி வந்தாள். நான் கண்டது நிஜமா என்று இன்றும் சந்தேகம் வரும்.

"என்ன பெரியம்மா, பூப்போட்டு அழைச்சாத்தான் வருவீங்களோ?" என்றாள் ஒருத்தி.

"உன் நடவு கோணலாப் போகுதுடி. அதைப் பாக்கத்தான் வந்தேன்" என்றாள் அம்மா. நோயில் குரல் தேய்ந்திருந்தது. கிட்ட இருந்தவர்களுக்குத்தான் கேட்டது, அவர்கள்தான் சிரித்தார்கள்.

சேற்றில் இறக்கினோம். குனிந்து கொஞ்சம் நட்டாள். பிறகு தொடை தாங்கவில்லை. அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள்.

காரியஸ்தர் பல்லைக் காட்டினார். "சார், நல்லாப் பாத்துக்குங்க. நிக்கவே முடியல. இவங்களா சாகுபடி பண்றது?"

"நீங்க குத்தகை நெல்ல நின்னுக்கிட்டா அளந்து வாங்குறீங்க? நாற்காலி போட்டுத்தானே?" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு உட்கார்ந்தபடியே நட்டாள். நடவில் பின்னால்தானே நகர வேண்டும். கையெட்டும் இடத்தை நட்டு முடித்ததும் சேற்றில் பின்னால் வழுக்கி நகர்ந்தாள். மறுபடி நட்டாள். அவள் போன வழியில் பயிர் நேராக நின்றது. பனி விலகி வெயில் தண்ணீரில் விழுந்தபோது, இடுப்பு வரை சேறு பூசிய அம்மா அந்த வயலிலிருந்தே முளைத்தவள் மாதிரி இருந்தாள்.

தாசில்தார் வரப்போரம் வந்து கேட்டார்: "எழுந்திருக்க முடியுமாம்மா?"

"முடியாதுங்க. எந்திரிச்சுக் காட்டணும்னா சட்டத்துல இருக்கு? நாத்து வைக்கணும்னுதானே இருக்கு?"

அவர் அந்தப் பயிர் வரிசையைப் பார்த்தார். "பயிர் வைக்கிறது இவங்கதான்" என்று காரியஸ்தரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தீர்ப்பும் அப்படியே வந்தது. நிலம் போகவில்லை.

அம்மாவைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. மறுவாரம் தஞ்சாவூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் தொடையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நோய் போகாதுங்க. ஆனா இவ்வளவு சதை போயிருக்க வேண்டாம்." நடுக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழக வேண்டும், முட்டை, மீன், பருப்பு சாப்பிட வேண்டும் என்றார். செய்தோம். பொங்கலுக்குள் அம்மா கைப்பிடியைப் பிடித்து எழ ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை. வயலில் நின்று நடும் கால்கள் அவளுக்குத் திரும்பவே இல்லை.

டவுன் டாக்டரிடம் போய்க் கேட்டேன். வெளியே ஆள் காத்திருக்கு, போம்மா என்றார்.

ஓய்வு என்ற பெயரில் ஓர் ஆளை உயிரோடு கரைக்கலாம் என்று எனக்குத் தஞ்சாவூரில்தான் தெரிந்தது. இப்போது யாருக்குக் கை நடுங்கினாலும் முதலில் எழுந்து நிற்கத்தான் சொல்கிறேன். டாக்டர், உங்கள் போர்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. நடக்கத் தெம்பிருந்தவளை ஏன் படுக்க வைத்தீர்கள்? உங்கள் அறைக்குள் என்னிடம் சொல்ல வேண்டாம். வாசல் பெஞ்சில் கை நடுங்க உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் வந்து நின்று, அத்தனை பேர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.