தலைக்கு வைத்த எண்ணெய்

இரண்டு வருடத்துக்கு முந்தைய கோடை விடுமுறை. மரக்காணம் உப்பளத்தில் அப்போதும் எனக்குக் கூலி வேலைதான். என் மகளுக்கு ஒன்பது வயது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், சொன்னதைச் செய்ய மாட்டாள். பள்ளிக்கூடத்துக்குக் காது பார்க்க வந்தவர்கள் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் திமிர்தானே? நான் அப்படித்தான் நினைத்தேன்.

அவளுடைய டீச்சர்தான் விடாப்பிடியாகப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சத்தம் கேட்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று தலையில் ஒயர் ஒட்டிப் பார்ப்பார்களாம். எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைப் பரட்டைத் தலையோடா கூட்டிப்போவது? வழிய வழிய எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை பின்னி, பூவும் வைத்து அழைத்துப் போனேன்.

"எண்ணெ இருந்தா ஒயர் ஒட்டாதும்மா. சொல்லித்தானே அனுப்பனோம்?" என்று டெஸ்ட் எடுக்கும் பெண் கடுகடுத்தாள். இருபது நாள் கழித்து வரச் சொன்னாள்.

அந்த இருபது நாளுக்குள்தான் அது நடந்தது. ஒரு மத்தியானம் திடீரென்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. குவித்து வைத்த உப்பை மூட ஓடினோம். கொட்டகை அருகே நின்ற மகளிடம், "ஏய், தார்ப்பாய எடுத்துனு வாடி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பார்த்தாள். பார்த்துவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். மழை கொட்டியது. கண்ணெதிரே உப்பு கரைந்து ஓடியது.

உப்புக் கையோடு அவளைக் கன்னத்தில் மாறி மாறி அறைந்தேன். "நல்லா குடுக்கா, அப்பத்தான் புத்தி வரும்" என்றாள் கூட வேலை செய்பவள்.

அடுத்த முறை டெஸ்ட் முடிந்ததும் டாக்டர் கம்ப்யூட்டரில் கோடுகளைக் காட்டினார். "காதுக்குள்ள சத்தம் போவுதும்மா. மூளைக்குத்தான் ஒழுங்கா போய்ச் சேரல. சத்தம் கேக்கும், வார்த்தை புரியாது. காத்து, இரைச்சல் இருந்தா சுத்தமா புரியாது."

எண்ணெய் வைக்காமல் போயிருந்தால் அந்த அடி விழுந்திருக்காது. என்மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து அவளை எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு வார்த்தையாக மெதுவாகக் கேட்டேன், அன்றைக்கு ஏன் ஒளிந்துகொண்டாய் என்று.

"நீ கத்தனது கேட்டுச்சிம்மா. திட்டறன்னு நெனச்சிட்டேன்."

டாக்டர் அந்தக் கோளாறுக்கு என்னவோ பெயர் சொன்னார், மறந்துவிட்டது. ஒன்பது வருடமாக என் குரல் அவளுக்குத் திட்டாக மட்டுமே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதுதான் இன்றுவரை மறக்க மாட்டேன் என்கிறது.