பச்சை மையில் எழுதிய நாடு

எங்கள் தலைமையாசிரியையின் பச்சை மைப் பேனா இன்னும் என் கண்ணை விட்டு மறையவில்லை. மேஜைமேல் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும். வேறு யாரும் தொட மாட்டார்கள். பத்தாம் வகுப்பு முடிந்து டி.சி. வாங்கப் போன அன்று, விவரத்தாளில் தேசிய இனம் என்ற இடத்தில், முகாமில் எல்லோரும் எழுதுவதுபோல ‘இலங்கை அகதி’ என்று எழுதியிருந்தேன். டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. “யாருடி அகதி? இங்கிட்டுப் பொறந்து எங்க ஸ்கூல்ல படிச்ச புள்ள. ஒன்னய எனக்குத் தெரியாதா?” என்று சொல்லிக்கொண்டே அதை அடித்துவிட்டு, டி.சி.யில் ‘இந்தியர்’ என்று தம் கையாலேயே எழுதினார். முகாம்வரை ஓட்டமாக ஓடினேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “உள்ளதை எழுதியிருக்கலாம் பிள்ளை. பிறகு வில்லங்கம் வரும்” என்றார். அம்மாமேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம்.

நர்சிங் முடித்ததும் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்தது. அந்த டி.சி.யை வைத்துப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். “இங்க பொறந்தா மட்டும் போதாதும்மா. அப்பா அம்மா ரெண்டு பேரும் விசா இல்லாம தோணில வந்தவங்க. அகதிங்கிறது நாம வாயால சொல்றது. சட்டத்துல நீ சட்டவிரோதக் குடியேறிதான். இதுல இந்தியர்னு பொய் குடுத்திருக்கியே?” என்றார் அதிகாரி. இத்தனை வருடம் அரசாங்கமே அடையாள அட்டையில் அச்சடித்துக் கொடுத்த சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். திருக்கோகர்ணத்தில் இருந்த டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். எழுதியது தாம்தான் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் பொய்க்காரி இல்லை என்றாவது ஆகும். “அதுக்கென்ன, வந்து சொல்றேன். மொதல்ல காப்பியக் குடி” என்றார். நம்பிக் குடித்தேன்.

மறுவாரம் விசாரணைக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், “புள்ளைங்க எழுதிக் குடுக்குறதத்தான் சார் நாங்க எழுதுவோம்” என்றார். அவ்வளவுதான். வழக்கில்லாமல் எச்சரித்து அனுப்பினார்கள். வேலை கைவிட்டுப் போயிற்று. பென்ஷனுக்குப் பயந்திருப்பார் என்று சொன்னார்கள். பயப்படட்டுமே! மறந்துபோச்சு என்று சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். என் தலையில் அல்லவா பழியைத் தூக்கிப் போட்டார்!

இந்த ஜூனில் என் மகளை அதே பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனேன். அவளும் முகாமில் பிறந்தவள்தான். புதிய தலைமையாசிரியர் சின்ன வயதுக்காரர், நல்ல மனிதர். படிவத்தில் நான் ‘இலங்கை அகதி’ என்று எழுதியதைப் பார்த்து அவர் முகம் வாடியது. “பாவம், பச்சப்புள்ள. இந்தியர்னே போட்ருவோமாம்மா?” என்று பேனாவைத் திறந்தார். அதே பச்சை மை. நான் சட்டென்று படிவத்தின்மேல் கையை வைத்து மறைத்தேன்.

“வேணாம் சார். நான் எழுதுனதே இருக்கட்டும்” என்றேன்.

மகள் என்னை முறைத்தாள். அம்மாவை நான் முறைத்த அதே முறைப்பு.