நிமிடத்துக்கு எத்தனை சொட்டு

இருமல் மருந்து அடைக்கிற ஆலையில் இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. வெள்ளை விளக்குக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகரும். உள்ளே தூசு மிதந்தாலும், மருந்து அளவுக்குக் கீழே நின்றாலும் எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். நிமிடத்துக்கு அறுபது பாட்டில். கடிகாரத்தைப் பார்க்காமலே ஒரு நிமிடம் எங்கே முடிகிறது என்று சொல்லிவிடுவாள். ஆலையில் அவளுக்கு நோட்டக்காரி என்று பெயர். புருஷன் உயிரோடு இருந்தவரை, "நம்ம வீட்டுல தண்ணி குடுத்தாலும் வெளிச்சத்துல காட்டிப் பாத்துட்டுதான் குடிப்பா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

சந்தேகம் முழுக்க ஆலையில் பிறந்ததில்லை. மகளைப் பெற்ற அன்று ஒரு நர்ஸ் வந்து, ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலில் எதையோ ஊசியால் குத்திவிட்டுப் போனாள். அதுவரை வந்து வந்து போன வலி அதற்கப்புறம் போகவே இல்லை. ஒன்றின் வாலை அடுத்தது பிடித்துக்கொண்டு வந்தது. என்ன போட்டீர்கள் என்று கேட்டதற்கு, "உன் நல்லதுக்குத்தான், கத்தாதே" என்று பதில் கிடைத்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகுமா? அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வாசலைக் கண்டாலே தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

இப்போது அந்த மகளுக்கே நாள் தாண்டி எட்டு நாளாகிவிட்டது. வலி வருகிற வழியைக் காணோம்.

"வலி வரவழைக்கிற மருந்து குடுத்துடலாம்" என்றார் டாக்டரம்மா.

"யாருக்குங்க அவசரம்? கொழந்தைக்கா, உங்களுக்கா?"

"உள்ள தண்ணி குறைஞ்சுக்கிட்டே வருதும்மா. காத்திருந்தா கொழந்தைக்கு நல்லதில்ல."

"நாளைக்கு நீங்க லீவாமே?"

லிஃப்ட்காரனிடம் விசாரித்து வைத்திருந்தாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லீவுதான். அதுக்காக யாருக்கும் மருந்து போடமாட்டேன்."

மகள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் தலையை ஆட்டிய பிறகுதான் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். தலையை ஆட்டினாளே தவிர, நோட்டக்காரிக்கு மனசு ஆடவில்லை. லீவில் போகிறவள் உண்மையைத்தான் சொல்வாள் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

காலையில் மாத்திரை வைத்தார்கள். மதியம் கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தை உருட்டியபடி நர்ஸ் சொன்னாள்: "நிமிஷத்துக்குப் பதினாறு சொட்டு. ஏத்துறதும் இறக்குறதும் என் வேலை. வேற யாரும் இதைத் தொடக்கூடாது."

"நாங்க ஏன் தொடப்போறோம்? நீங்க தொடுறதைத்தான் பாக்கணும்" என்றாள் நோட்டக்காரி.

முதல் அரைமணி நேரம் வலி மூச்சு விட இடம் கொடுத்து வந்தது. பத்து நிமிடத்துக்கு மூன்று. மருமகனைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது மகளின் முகம் வெளுத்திருந்தது. கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தாள்.

"விடவே மாட்டேங்குதும்மா... ஒண்ணு முடியறதுக்குள்ள இன்னொண்ணு வந்துடுது."

நோட்டக்காரியின் கண் சொட்டுக்குப் போனது. எண்ணினாள். முப்பத்தொன்று.

"மாப்பிள்ளை, இதைத் தொட்டீங்களா?"

"ஐயோ அத்தே, ஊசியைப் பாத்தாலே எனக்குத் தலை சுத்தும். நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"நல்ல காவல்! யார் வந்தா?"

"டாக்டரம்மா வாசல்ல நின்னு எட்டிப் பாத்தாங்க. உள்ள வந்தாங்களான்னு..." மருமகன் மறுபடி சுவரைப் பார்த்தான். "கவனிக்கலை."

லீவு! நினைத்தது சரியாகப் போயிற்று என்று அவளுக்குக் காது சூடாகிவிட்டது. நடைக்கு வந்து போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்தாள்.

"பதினாறுதாம்மா வெச்சேன்."

"எண்ணிப் பாருங்க."

கைக்கடிகாரத்தை வைத்து நர்ஸ் எண்ணினாள். பாதி நிமிடத்திலேயே அவள் உதடு நின்றுவிட்டது. சக்கரத்தை மூடினாள். மகளை இடதுபக்கம் திருப்பிப் படுக்க வைத்து, வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டாள். சத்தம் தயங்கித் தயங்கி வந்தது. நோட்டக்காரி எண்ணவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக எண்ணப் பயமாக இருந்தது. டாக்டரம்மா வந்து சேர்ந்தபோதுதான் துடிப்பு சீராகிக்கொண்டிருந்தது. மகளின் விரல்கள் கம்பியை விட்டன.

"சக்கரத்தை யார் திருப்பினது?" என்றாள் நோட்டக்காரி, டாக்டரம்மாவைப் பார்த்தே.

நர்ஸ் மகளின் கையைக் காட்டினாள். "யாரும் திருப்பலை. நான் முதல்ல எண்ணி வெச்சப்ப கையை மடக்கி வெச்சிருந்தாங்க. அப்புறம் வலியில நீட்டி, கம்பியைப் பிடிச்சுட்டாங்க. கை நேரானா மருந்து வேகமா இறங்கும். நான் நடுவுல வந்து பாத்திருக்கணும். பாக்கலை."

நோட்டக்காரி லேசில் நம்புகிறவளா? மருந்தை மறுபடி குறைவாகத் தொடங்கியபோது மகளின் கையை மடக்கச் சொல்லி எண்ணினாள், நீட்டச் சொல்லி எண்ணினாள். நர்ஸ் சொன்னது பொய்யில்லை. பொய்யில்லை என்றால் தப்பில்லை என்று ஆகிவிடுமா என்ன? ஆனாலும் டாக்டரம்மாவை நிமிர்ந்து பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கை மடங்காதபடி நர்ஸ் ஒரு அட்டையை வைத்துக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இவள் மருமகனை நடைக்கு இழுத்துப்போய், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை விசாரித்தாள்.

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்து, வீறிட்டு அழுதது. மருமகன் வெளியே பெஞ்சில் மயங்கிச் சரிந்தான் என்று பிறகு சொன்னார்கள்.

குழந்தை வந்த கையோடு நர்ஸ் ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு கட்டிலை நெருங்கினாள். நோட்டக்காரி குறுக்கே நின்றுவிட்டாள்.

"அதான் பொறந்தாச்சே, இது எதுக்கு?"

பதில் கட்டிலிலிருந்து வந்தது. குரல் கம்மியிருந்தாலும் நடுக்கமில்லை.

"ரத்தம் நிறைய போகாம இருக்கறதுக்கும்மா. சொட்டுல ஏறின அதே மருந்துதான். நீ வெளிய அவரைப் போட்டுக் குடைஞ்சுக்கிட்டிருந்தப்ப சிஸ்டர்கிட்ட எல்லாத்தையும் கேட்டுட்டேன். நான் சரின்னு சொல்லிட்டேன். நகரு."

இப்படி ஒரு குரலில் மகள் தன்னிடம் பேசி அவள் கேட்டதில்லை. நர்ஸ் ஊசியோடு காத்து நின்றாள்.

நோட்டக்காரி நகர்ந்தாள். ஒரே ஒரு அடி. ஊசி இறங்குவது தெரிகிற தூரத்துக்குத்தான்.