ஜீப்பில் பழகிய கை

சின்னமனூர் பைபாஸில் போய்க்கொண்டிருந்தபோது காரின் திரையில் ஆவி பறக்கும் காபிக் கோப்பை ஒன்று தோன்றியது. கூடவே மணியும் அடித்தது. ஓட்டிக்கொண்டிருந்தவர் என் அக்காவின் கணவர். நான் பக்கத்து இருக்கையில், அக்கா பின்னால்.

“என்ன மாப்ள, காபி குடிக்கச் சொல்லுதா?”

“நீங்க தூங்குறீகன்னு நெனைக்குது மச்சான்.”

“யாரு, நானா? கம்பம்மெட்டு ஏத்தத்துல கண்ணசராம ஓட்டுனவன்யா நான். இதுக்கு வெவரம் பத்தல.”

அவர் தூங்கவில்லை என்பதற்கு நானே சாட்சி. இந்த மாதிரிக் கார், ஓட்டுபவரின் கண்ணைப் பார்ப்பதில்லை, ஸ்டீரிங்கைப் பார்க்கிறது. நேரான சாலையில் ஸ்டீரிங் அப்படியும் இப்படியும் அலைந்தால், ஆள் சொக்கிவிட்டார் என்று முடிவுகட்டிவிடுகிறது. மச்சானின் கை அலைந்துகொண்டுதான் இருந்தது. சல்லடையில் மாவு சலிப்பதைப் போல இடம், வலம், இடம், வலம். அதற்குத் தூக்கம் காரணமல்ல. அது ஜீப்பில் பழகிய கை.

புதுக் காருக்குள் ஒரு பிளாஸ்டிக் வாசனை இருக்குமே, அது எனக்கு எப்போதும் அந்த ஜீப்பின் வாசனையை ஞாபகப்படுத்தும். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இல்லாததால்தான் ஞாபகம் வருகிறதோ என்னவோ. ஜீப்பில் டீசலும் நனைந்த சாக்கும் ஏலக்காயும் கலந்து அடிக்கும். காலையில் கம்பத்திலிருந்து கேரள எஸ்டேட்டுகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள், சாயங்காலம் சேலையெல்லாம் ஏலக்காய் மணக்கத் திரும்பி வருவார்கள். அந்த ஜீப்பை ஓட்டியவர் மச்சான். நான் அப்போது கம்பத்தில் ஒரு பத்திரிகைக்குப் புது நிருபர். மலையில் ஏதாவது நடந்தால் போய்ச் சேர எனக்கு இருந்த ஒரே வழி அவருடைய ஜீப்பின் முன்சீட்டு. அதிலும் பாதிதான் எனக்கு. மீதிப் பாதியில் யாருடைய தூக்குவாளியாவது உட்கார்ந்திருக்கும்.

அந்த ஸ்டீரிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொஞ்ச தூரம் திருப்பும்வரை எதுவும் நடக்காது. அதற்குப் பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகும். அந்த வெற்றுத் தூரத்தை ‘ஆட்டம்’ என்பார்கள். ஆட்டம் உள்ள வண்டியை நேராக ஓட்ட வேண்டுமானால் ஸ்டீரிங்கைச் சும்மா விடக் கூடாது. இரண்டு பக்கமும் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டே போக வேண்டும். ‘கை சும்மா இருந்தா வண்டி தூங்கிரும்’ என்பது கம்பம் ஜீப் ஸ்டாண்டின் பொதுச் சட்டம். ஸ்டாண்டின் கணக்கில் கை ஆடினால் டிரைவர் விழித்திருக்கிறார். காரின் கணக்கில் கை ஆடினால் தூங்கிவிட்டார். இரண்டும் தத்தம் காலத்துக்குச் சரிதான்.

எனக்கும் அவர்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். முதல் பாடம் கட்டைவிரல். “வெளிய வையி மாப்ள, உள்ள விட்டுப் பிடிக்காத.” சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீரிங் வெடுக்கென்று திரும்பி, கம்பிக்குள் மாட்டிய கட்டைவிரலை ஒடித்துவிடும். அவருடைய வலது கட்டைவிரல் அப்படித்தான் ஒருமுறை ஒடிந்து கோணலாகச் சேர்ந்தது. எனக்கு ஒடியவில்லை. ஒடிகிற அளவுக்கு நான் எங்கும் வேகமாகப் போனதில்லை.

ஒரு ஆயுதபூஜை. ஜீப்பைக் கழுவிச் சந்தனம் வைத்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அக்கா ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். “எனக்கும் சொல்லிக்குடுங்க” என்று ஸ்டீரிங்கைப் பிடித்தாள். நின்ற வண்டியின் ஸ்டீரிங் கல்லுரல் மாதிரி. இரண்டு கையாலும் இழுத்தாள், எழுந்து நின்று தொங்கினாள். அசையவில்லை.

“எறங்கு ஆத்தா, சக்கரம் தேஞ்சிரப்போகுது” என்றார் மச்சான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. ஸ்டீரிங்கின் கனம் உண்மைதான். அந்த உண்மை இருந்ததால் வேறு காரணம் எதையும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இனி இந்தக் காருக்கு வருகிறேன். அக்கா வீடு ராயப்பன்பட்டியைத் தாண்டித் திராட்சைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. பஸ் ஊரோடு நின்றுவிடும். மச்சானுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் இருமுறை தேனிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. போகும்போது தெம்பாகப் போகிறவர் வரும்போது துவண்டுவிடுவார். வாடகைக் கார் டிரைவர் ஒரு நாள் வந்தால் ஒரு நாள் வரமாட்டார். கோயம்புத்தூரில் இருக்கும் மகன் இந்தக் காரை வாங்கிக் கொடுத்தான். இப்போது அதுவும் சரிப்படாது, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும் சொல்லியிருந்தான், கூட்டிக்கொண்டு போக.

அக்கா உத்தமபாளையத்தில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கிவிட்டாள். தோட்டத்துப் பாதையில் ஓட்டுவாள். மெயின் ரோட்டில் மட்டும் மச்சான் விடவில்லை. “ரோட்டுல காத்து அடிக்கும், லாரி வரும். நான் ஓட்டிக்கிருவேன்.”

அன்று அவர் ஓட்டியதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் காரில் ஸ்டீரிங்கைத் திருப்ப மின்மோட்டார் உதவுகிறது. தோட்டத்து வாசலில் ஒற்றை விரலால் சுற்றலாம். வேகம் கூடக்கூட உதவியைக் குறைத்துக்கொண்டு கொஞ்சம் இறுகிவிடுகிறது. அந்த இறுக்கம் சாலையிலிருந்து வருவதில்லை, மோட்டார் நமக்காக அளந்து கொடுப்பது. ஜீப்பில் சக்கரத்துக்கடியில் தாரா மண்ணா என்பதை உள்ளங்கை சொல்லிவிடும். இதில் உள்ளங்கைக்குச் சேதி அதிகம் வருவதில்லை. நடுவில் ஒரு மௌனம் இருக்கிறது. ஜீப்பில் பழகியவர்கள் அந்த மௌனத்தை ஆட்டம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிழை அங்கேதான். இதில் ஆட்டம் கிடையாது. தொட்டால் தொட்ட அளவுக்குத் திரும்பிவிடும்.

காபிக் கோப்பை மறைந்து கொஞ்ச நேரத்தில், வெள்ளைக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் நகர்ந்துவிட்டோம். எதிரே வாழைத்தார் ஏற்றிய லாரி. விளக்கை அடித்து, ஹாரனை அழுத்திக்கொண்டே ஒதுங்கிப் போனது. லாரி கிளப்பிய காற்று காரை ஒரு குலுக்குக் குலுக்கியது. மச்சான் இன்னும் அதிகமாகத் திருத்தினார், கார் இன்னும் அதிகமாக வளைந்தது. வீரபாண்டி தாண்டும்வரை மெதுவாகவே போனார்.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே படுக்க வைத்துவிட்டு, நானும் அக்காவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“ஏலே தம்பி, இவுக லாரியப் பாத்துப் பயந்தாகன்னு நெனைக்கிறியா?”

“இல்லையா?”

“தன் கையப் பாத்துப் பயந்தாக.” தூக்குவாளியைத் திறந்து எனக்கு இட்லி எடுத்து வைத்தாள். “கோயம்புத்தூர்ல மூணாவது மாடி. ஜன்னலத் தொறந்தா அடுத்த வீட்டுக்காரன் ஜன்னல். இவுகளக் கொண்டுபோய் அங்கன வச்சா, ஒரு வருசம் தாங்குவாகளான்னு எனக்குத் தெரியல.”

“நீ என்ன செய்யப்போற?”

“திரும்பிப் போறப்ப நான் ஓட்டப்போறேன். நீ பின்னால உக்காரு. வாயத் தொறக்காத.”

டயாலிசிஸ் முடிந்து வந்த மச்சான் சாவியைக் கேட்கவில்லை. இடப்பக்கக் கதவைத் தானே திறந்து உட்கார்ந்து, துண்டை மடியில் போட்டுக்கொண்டார். “மெதுவா, ஆத்தா” என்றார். அவ்வளவுதான்.

மேற்கிலிருந்து ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. அக்காவின் கைகள் ஸ்டீரிங்கில் சும்மா இருந்தன. எனக்கு அதுதான் வேடிக்கையாக இருந்தது. அந்தக் கைகளுக்கு மறக்க வேண்டியது ஒன்றுமில்லை. மச்சானின் கைகளோ துண்டின் மேல் ஓட்டிக்கொண்டிருந்தன. இடம், வலம், இடம், வலம்.

“ஏங்க, மடியில என்ன வண்டி ஓடுது?”

“நீ ரோட்டப் பாரு.”

மரங்கள் முடிந்து வயல்வெளி வந்த இடத்தில் காற்று காரை ஒரு சாண் தள்ளியது. மச்சானின் கால் தரையை அழுத்தியது. கார் உடனே நேரானது.

“இப்ப என்ன செஞ்ச?”

“காத்து தள்ளுச்சு. பிடிச்சேன்.”

“எம்புட்டு திருப்புன?”

“திருப்பலீங்க. நெனச்சேன், போயிருச்சு.”

மச்சான் அவள் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே லாரி வந்தது, போனது. இன்னொன்றும் போனது. எங்கோ இருந்துகொண்டு, இந்த ஸ்டீரிங் எத்தனை வேகத்தில் எவ்வளவு இறுக வேண்டும் என்று உட்கார்ந்து அளந்த யாரோ ஒருவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். சாலையின் சேதி உள்ளங்கைக்கு வரவில்லை என்று சற்று முன் குறை சொன்னவனும் நான்தான்.

உத்தமபாளையம் திருப்பம் வருவதற்குள் துண்டின் மேலிருந்த கைகள் நின்றுவிட்டன. எட்டிப் பார்த்தேன். தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவனை அழைத்துவந்தது அக்கா. மறுநாள் அவனையும் மச்சானையும் ஏற்றிக்கொண்டு தேனிக்குப் போனதும் அவள்தான். அங்கிருந்து அவன் கோயம்புத்தூர் பஸ் ஏறியபோது, கையில் ஒரு பெட்டி பன்னீர்த் திராட்சை மட்டும் இருந்தது.

மச்சானை எனக்குத் தெரிந்த காலமெல்லாம், அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவர் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் இடம் இருந்தாலும் டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்று, சாலையைப் பார்த்துக்கொண்டேதான் வருவார். அக்கா கல்யாணத்துக்கு மாப்பிள்ளையாக வந்த காரிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாராம். அந்த வழக்கம் அடியோடு போய்விட்டது. இப்போது தேனி எல்லையைத் தாண்டுவதற்குள் குறட்டை வந்துவிடுகிறதாம். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் தனியாக ஓட்ட வேண்டியிருக்கிறது என்று அக்கா போனில் குறைப்பட்டுக்கொள்கிறாள்.