என் பெயரில் அக்கா சொன்ன நல்ல வார்த்தைகள்

எங்கள் அக்கா கர்த்தரிடம் சேர்ந்து ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலரை நான் ஒரு தடவையாவது கடிந்து பேசியிருப்பேன். அக்காவைப் பற்றி எழுத, அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

சோழவந்தான் பக்கத்தில், வயல் வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோருக்கு மூத்தவராகப் பிறந்தார். அம்மா சீக்கிரமே போய்விட, பள்ளிக்குப் போய்க்கொண்டே என்னையும் வளர்த்தார். பிறகு தல்லாகுளத்தில் அரசு அலுவலக வேலை. திருமணத்துக்குப் பின் கே.கே. நகர் வீடு. அலுவலகத்துக்கு மனுவோடு அலைந்து வருகிறவர்களிடம், "உக்காருங்கண்ணே, மொதல்ல தண்ணி குடிங்க" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். ஞாயிறு பள்ளியும் நடத்தினார்.

நான் சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவன். சுருதி பிசகினால் எனக்குக் கண்மண் தெரியாது. கோரிப்பாளையத்திலிருந்து வந்து, ஆல்டோ என்கிற பெண்களின் தாழ்குரல் பகுதியைப் பாடும் ஸ்டெல்லாவிடம், கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியில் எல்லார் முன்னாலும், "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று சொல்லிவிட்டேன். அழுதுகொண்டே போனவள், அடுத்த வாரமே திரும்பி வந்தாள். என் கண்டிப்பு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஸ்டெல்லா என்னிடம் வந்தாள்.

"அண்ணே, என் குரல் இல்லாம ஆல்டோ நிக்காதுன்னு அன்னைக்கு அக்காகிட்ட சொல்லிவிட்டீங்கள்ல? அதை நெனச்சுத்தான் இம்புட்டு நாளும் பாடுறேன்."

நான் அப்படி எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சொன்னாள்: "என் சமையலை நீங்க அம்புட்டு மெச்சுனதா மதினி அடிக்கடி சொல்லுவாக." அதையும் நான் சொன்னதில்லை. பொய் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர், நான் புண்படுத்திய ஒவ்வொருவரிடமும் என் பெயரில் ஒரு நல்ல வார்த்தையைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

அவருக்கு நான் என்ன சொன்னேன்? மருத்துவமனையில் கடைசியாகப் பேசியது இதுதான்: "மாத்திரைய ஒழுங்காப் போட்டிருந்தா இப்படி வந்து படுத்திருப்பியா?" பயத்தில் கத்தினேன். பயம் என்றாவது சொல்லியிருக்கலாம். மறுநாள் அக்கா இல்லை.

அத்தான் பல நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார்.

"அன்னைக்கு நீ கத்திட்டு வெளிய போனதும், அவ மனசு வாடிருமேன்னு நானே ஒண்ணு சொன்னேன் மாப்ள. 'நீ இல்லாட்டி என்னால முடியாதுன்னு தம்பி வெளிய நின்னு அழுகுறான்'னேன். சிரிச்சுட்டா. 'இது நான் பண்ற வேலையாச்சேங்க' அப்படின்னா. பெறகு, 'ஆனாலும் கேக்க நல்லாருக்கு, இன்னொரு தடவ சொல்லுங்க'ன்னா."

நான் வெளியே நின்று அழுதது உண்மை. அத்தான் அதைப் பார்க்கவில்லை.

அக்காவைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், அடக்கத்தில் எங்களோடு நின்ற உங்கள் எல்லாருக்கும் நன்றி. என் பேச்சால் புண்பட்டவர்கள் என்னை மன்னியுங்கள். ஸ்டெல்லா, உன் குரல் இல்லாமல் ஆல்டோ நிற்காது. இந்தத் தடவை நானே சொல்கிறேன்.

அக்கா, நீ இல்லாம என்னால முடியல. இன்னொரு தடவையும் சொல்றேன்.