ஊசிக்காதும் கட்டைவிரலும்

டெய்லர் மாஸ்டர் ஊசியையும் நூலையும் மனைவி பக்கம் நீட்டும்போது அவள் முகத்தைப் பார்க்கமாட்டார். மூக்குக்கண்ணாடி போட்டும் ஊசிக்காது பிடிபடாத நாளிலிருந்து இதே பழக்கம். பேச்சுவார்த்தை நின்றுபோன நாளிலும் ஊசி மட்டும் போய்வந்துகொண்டிருக்கும். அதனால்தான் தங்கள் சண்டை எதுவும் நீளவில்லை என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

மிஷின் மிதிக்கும் காலின் கட்டைவிரலில் புண் வந்தது. சர்க்கரை உடம்பு, ஆறவில்லை. "ஆக்ஸிஜனை அழுத்தி ஏத்திப் பார்ப்போம். கேக்கலேன்னா கட்டைவிரலை எடுக்கணும்" என்றார் டாக்டர். கட்டைவிரல் போனால் மாஸ்டருக்குத் தொழிலே போன மாதிரி.

தினமும் பெரிய குழாய் போன்ற ஒரு கூண்டில் படுக்க வைத்தார்கள். அழுத்தம் ஏறினால் காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் படக்கென்று திறக்கும்.

"இப்படி அழுத்தினா ஆக்ஸிஜன் ரத்தத்துலயே கரைஞ்சு புண்ணு வரைக்கும் போகும்" என்றாள் நர்ஸ். "கண் பார்வையும் கொஞ்சம் மாறும் மாஸ்டர். நிறுத்தினா சில மாசத்துல பழையபடி ஆயிடும். கண்ணாடிய பத்திரமா வைங்க."

மாஸ்டர் தலையாட்டினார். மனைவி பேச்சுக்கு ஆட்டுகிற அதே ஆட்டல்.

புண்ணில் புதுச் சதை வளர்ந்தது. ஒரு காலையில் மாஸ்டர் கண்ணாடி இல்லாமலே தானே நூல் கோர்த்துவிட்டார்.

"பாத்தியா, வயசு திரும்புது எனக்கு!"

"ஏங்க, அந்த நர்ஸம்மா என்னமோ சொன்னாங்களே..."

"அவங்க கிடக்கறாங்க. இனி உன் தயவு வேண்டாம் தாயே!"

மூக்குக்கண்ணாடியை மச்சானுக்குத் தாரைவார்த்தார். கிட்டப் பார்வை வந்த கையோடு தூரப் பார்வை மங்கியது. தெருமுனையில் வந்த மாமியாரை யாரோ என்று நினைத்துக் கதவைச் சாத்தினார். விஷயம் தெரிந்ததும் அதையும் வைத்தியத்தின் பலன் என்றார்.

"எங்கம்மா மூஞ்சி தெரியலையா, தெரிஞ்சுதான் சாத்தினீங்களா?" என்று ஆரம்பித்த சண்டை லேசில் முடியவில்லை. நடுவில் போய்வர ஊசி இல்லையே.

சிகிச்சை முடிந்தது. விரல் தப்பியது. நர்ஸ் சொன்னபடியே பார்வையும் பழைய இடத்துக்கு வந்தது. மாஸ்டர் நூல் நுனியை நனைத்து நனைத்துப் பார்த்தார். நூல் நைந்ததே தவிர நுழையவில்லை. கடைசியில் ஊசியை நீட்டினார், முகத்தைப் பார்க்காமல்.

"கண்ணாடி எங்க?"

"உன் தம்பி குடுக்கமாட்டேங்கறான்."

அவள் வெகுநேரம் வாங்காமல் நின்றாள். பிறகு வாங்கினாள்.

இன்று கட்டைவிரல் இருக்கிறது, மிஷின் ஓடுகிறது. நூலை அவள்தான் கோர்க்கிறாள்.