சட்டைக் கையில் எழுதிய எண்

வட்டார மன்ற அலுவலகத்தில் மனு வாங்கும் மேசை என்னுடையது. பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி, அதே ஆடுகிற மேசைக்கால். சுற்று வட்டாரத்தில் என் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. 'நாளைக்கு வாங்க' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட என் மேசையைக் காட்டும். அந்தப் பட்டப்பெயரை நான் உழைத்துச் சம்பாதித்தேன். எதைப் பார்த்தும் எளிதில் வாயைப் பிளக்கிற ஆள் இல்லை நான். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அது நடந்தது.

அவரை டேப்பக்கா என்பார்கள். தையல்காரர். பதினொரு கிலோமீட்டர் தள்ளி, வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து கிடக்கும் கிராமத்தில் வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு மிதி மெஷின், விரிசல் விட்ட கண்ணாடி, கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு டேப்பு, ஒரு தடித்த அளவு நோட்டு. அந்த நோட்டில் பக்கத்துக்கு ஒருவராக ஊரே இருந்தது. 'சைரன், மார்பு நாற்பத்திரண்டு.' 'அரைமூட்டை, இடுப்பு நாற்பத்தாறு.' 'கரும்பலகை, தோள் பதினேழு.' சைரன் உரத்த குரல்காரர், அரைமூட்டை அரிசிக்கடைக்காரர், கரும்பலகை ஓய்வு பெற்ற வாத்தியார். அந்த ஊரில் பட்டப்பெயர்தான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி வீடு விசாரித்தால் உங்களுக்கு வழி கிடைக்காது.

ஒரு நாள் பேருந்தின் கண்ணாடியில் எங்கள் அலுவலக அறிவிப்பு ஒட்டப்பட்டது. பயணிகள் குறைவு, அடுத்த மாதம் முதல் அந்த ஊருக்குப் பேருந்து நிறுத்தப்படும். ஊரின் வாக்காளர்களில் இருநூறு பேராவது பதினைந்து நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபித்தால் முடிவு மறுபரிசீலிக்கப்படும்.

டேப்பக்காவின் கணவருக்கு ஒரு தங்கை. அண்ணன் வீட்டிலேயே இருப்பவர். சிறுநீரகம் கெட்டுப்போய், செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டவுன் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போகவேண்டும். ஒரு வாரம் போகாவிட்டால் உயிர் தங்காது. போக இருந்தது அந்தப் பேருந்து ஒன்றுதான். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம், அது ஊரறிந்த விஷயம்.

"என் நோயை ஊரெல்லாம் கடை விரிக்காதீங்க அண்ணி. நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாராம் நாத்தனார்.

"உனக்காக யாருடி அலையறா? நூல் வாங்க நான் எப்படிப் போறதாம்?" என்றாராம் டேப்பக்கா.

அவர் கூட்டம் போடவில்லை, மைக் பிடிக்கவில்லை. அளவெடுத்தார். அளவெடுக்கும்போது மனிதன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும், வாயை மூட வேண்டும். அந்த இரண்டு நிமிடம் போதும் அவருக்கு. "பஸ் நின்னா உங்க பொண்ணு காலேஜுக்கு நடந்தா போவா?" என்று கேட்டுக்கொண்டே டேப்பை இழுப்பார். கையைத் தூக்கி நிற்கிறவரால் எங்கே ஓட முடியும்? நோட்டை முதல் பக்கத்தில் பிரித்தார், கடைசிப் பக்கம் வரை ஒருவரையும் விடவில்லை. வாய்க்காலின் மேட்டுப் பக்கத்துக்காரரும் பள்ளத்துப் பக்கத்துக்காரரும் தேர்தல் சண்டையில் எட்டு வருடமாக முகம் பார்ப்பதில்லை. ஒருவர் கையெழுத்துக்குக் கீழே இன்னொருவர் போட மாட்டார். அதனால் இரண்டு தனித்தனித் தாள். இரு தரப்புத் துணியையும் ஒரே நாளில் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் அவருக்கு உண்டு.

பன்னிரண்டாம் நாள் என் மேசையில் வைத்தார். இருநூற்று முப்பத்தொரு கையெழுத்து. வாக்காளர் பட்டியலை எடுத்து ஒப்பிட்டேன். முதல் வரியிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

"சைரன்னு ஒரு வாக்காளர் இல்லீங்களே."

"அட, நம்ம சைரனுங்க. நாலாவது வீடு."

"அரைமூட்டை இல்ல. கரும்பலகை இல்ல. இதுல ஒருத்தர்கூட இல்ல."

அளவு நோட்டில் இருந்தபடியே வரிசையாகப் பெயர் எழுதி எதிரே கையெழுத்து வாங்கியிருந்தார். போட்டவர்களுக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. அதுதானே அவர்கள் பெயர்! அலுவலகமே கூடிச் சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன்.

அவர் முகம் சிவந்தது. ஆனால் கேட்டது ஒன்றுதான்: "அந்த லிஸ்ட் எங்க இருக்கு?"

சுவரிலும் ஒரு பிரதி ஒட்டியிருந்தது. ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர். அவர் நின்றுகொண்டே, அளவு நோட்டின் பின்பக்கத்தில், நானூற்றுப் பன்னிரண்டு பெயரையும் வரிசை எண், வீட்டு எண்ணோடு எழுதினார். மாலை ஐந்து மணிக்கு நான் பூட்ட வந்தபோதுதான் முடித்தார். "எல்லாப் பேரும் புதுசா இருக்குங்க. இருபது வருஷமா துணி தைக்கிறேன், ஒருத்தர் பேரும் தெரியாம இருந்திருக்கேன்" என்றார்.

அப்போதாவது நான் மனிதனாக நடந்திருக்கலாம். எனக்குப் பூட்டத் தாமதமான எரிச்சல். விதிப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. கையெழுத்தில் சந்தேகம் வந்தால் போட்டவரை நேரில் வரச் சொல்லலாம். யாரும் அதைப் பயன்படுத்தியது இல்லை. நான் பயன்படுத்தினேன். "ஒரு தடவை தப்பாயிடுச்சு. இனி ஆளே நேர்ல வரணும். அடையாள அட்டையோட. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள" என்றேன். ஒழிந்தது தொல்லை என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு வெளியே சத்தம் கேட்டு ஜன்னலுக்குப் போனேன்.

வழக்கமாக ஏழு பேரோடு வரும் அந்தப் பேருந்து, படிக்கட்டில் ஆள் தொங்க வந்து நின்றது. அதன் பின்னால் மூன்று டிராக்டர், பெட்டி நிறைய மனிதர்கள். அதன் பின்னால் சைக்கிள்கள். இன்னும் பின்னால், சாலையின் வளைவு வரை, நடந்து வருகிறவர்கள். பதினொரு கிலோமீட்டர்! வயல் வேலையை விட்டு, கடையை அடைத்து, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு. எனக்கு உடம்பு சிலிர்த்தது. உண்மையாகவே சிலிர்த்தது.

இவ்வளவு பேரையும் பட்டியலில் தேடி எடுக்க நாலு நாள் ஆகும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முதல் ஆள் வந்து நின்று வலது கையை நீட்டினார். சட்டைக் கையில் சாக்பீஸால் '1' என்று எழுதியிருந்தது. அடுத்தவர் கையில் '2'. அடுத்து '5'. பட்டியலின் வரிசை எண். துணியில் கோடு போடும் அந்தச் சாக்பீஸால், வெள்ளைத் துணிக்கு நீலத்திலும் கறுப்புத் துணிக்கு வெள்ளையிலும், ஒவ்வொருவர் கையிலும் எழுதி, எண் வரிசையில் நிறுத்தியிருந்தார் டேப்பக்கா. நான் பட்டியலில் விரலை வைத்து இறங்கிக்கொண்டே போனால் போதும்.

பட்டியலோ வாய்க்காலின் இரண்டு பக்கத்தையும் கலந்து போட்டது. அதனால் மேட்டுப் பக்கத்துக்காரருக்குப் பின்னால் பள்ளத்துப் பக்கத்துக்காரர், அவருக்குப் பின்னால் மறுபடி மேட்டுப் பக்கம். எட்டு வருடம் முகம் பார்க்காதவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரோ முணுமுணுக்க, "நம்பரைப் பாத்து நில்லுங்க, ஆளைப் பாக்காதீங்க!" என்று டேப்பக்கா அதட்டினார். கரும்பலகை வாத்தியாரே பள்ளிப் பிள்ளை மாதிரி நேராக நின்றார்.

மூன்று மணி நேரத்தில் இருநூற்றுப் பத்தொன்பது பேர் சரி. பன்னிரண்டு பேர் வரவில்லை. பரவாயில்லை, இருநூறு தாண்டிவிட்டது. மணி மூன்று நாற்பது. மேலே ஒரு தாள் வைக்க வேண்டும், மனுவைக் கொடுப்பவர் விவரம்.

"உங்க வரிசை எண் சொல்லுங்கக்கா" என்றேன். முதல் முறையாக நான் அவரை அக்கா என்றேன்.

அவர் இல்லையென்று தலையசைத்தார். பட்டியலை முன்னும் பின்னும் புரட்டினேன். இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெயரை இங்கே மாற்றவே இல்லையாம். நேரமில்லையாம். ஊரையே பட்டியலில் கண்டுபிடித்தவர் பட்டியலில் இல்லை.

"வாக்காளர்தான் குடுக்கணும்" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. "இங்க இருக்கறவங்கள்ல யாராவது..."

இதுதான் ஒரு நொடியில் முடிகிற வேலை என்று நினைப்பீர்கள். மேட்டுப் பக்கத்தில் ஒருவர் முன்னே வந்தார், பள்ளத்துப் பக்கம் உறுமியது. பள்ளத்துப் பக்கத்தில் ஒருவர் வந்தார், "அவன் பேர்ல மனுவா? என் கையெழுத்தை அடிங்க" என்று ஒரு குரல். சைரன் கத்த ஆரம்பித்தார். மூன்று நாற்பத்தாறு. டேப்பக்கா கழுத்து டேப்பின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

சுவரோர பெஞ்சில் டிபன் கேரியரோடு ஒரு பெண் மதியத்திலிருந்து உட்கார்ந்திருந்தார். வெளிறிய, வீங்கிய முகம். "அண்ணி சாப்பிடாம வந்துட்டாங்க, திட்டிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று பியூனிடம் சொல்லியிருந்தாராம். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கூட்டம் தானாக வழி விட்டது, சைரன் வாயை மூடினார்.

"என் பேர்ல எழுதுங்க. பஸ் இல்லாட்டி சாகப்போறது நான்தான். இதுக்கு யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

முன்னே வந்திருந்த இரண்டு பேரும் வரிசைக்குத் திரும்பினார்கள்.

அவர் என்னிடம் எண் சொல்லவில்லை. டேப்பக்கா பக்கம் திரும்பி, கையை நீட்டினார். "சாக்பீஸ் எடுங்க அண்ணி."

நானூற்றுப் பன்னிரண்டு பேர் கொண்ட பட்டியல். கையெழுத்தே போட மாட்டேன் என்றவரின் எண். டேப்பக்கா நோட்டைத் திறக்கவில்லை. நாத்தனாரின் சட்டைக் கையைப் பிடித்து நேராக இழுத்து, '187' என்று எழுதினார்.

பட்டியலைப் பார்த்தேன். சரியாக இருந்தது.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு முத்திரை குத்தினேன். பேருந்துச் சேவை ரத்தாகவில்லை. பெயர் சேர்க்கும் படிவத்தை அன்றே டேப்பக்காவிடம் நானே நீட்டினேன், நாளைக்கு வாங்க என்று சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. காலைப் பேருந்தில் நாத்தனார் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அதே சட்டையைத்தான் போட்டிருந்தாராம், டிரைவர் சொன்னார். சாக்பீஸ் லேசாக உதிர்ந்திருந்ததாம். தட்டிவிடுங்கம்மா, துணி அழுக்காகுது என்றாராம் டிரைவர்.

"இருக்கட்டும்" என்றாராம் அவர். "எங்க அண்ணி எழுதினது."